14 வயதில் டப்ளின் பள்ளிக்கு அனுப்புவதா, ஊர் கிளப்பிலேயே விடுவதா? (அயர்லாந்து ரக்பி)

பாரோக்கரை

எல்லோருக்கும் வணக்கம். கார்லோ பக்கம் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். நான் நர்ஸ், வீட்டுக்காரர் ஒரு கிடங்கில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். மகனுக்கு 14 வயது. எட்டு வயதிலிருந்து ஊர் ரக்பி கிளப்பில் விளையாடுகிறான். அவன் பள்ளியில் ரக்பியே கிடையாது, இந்நாட்டு ஆட்டங்களான ஹர்லிங்கும் கேலிக் கால்பந்தும்தான். ஆள் நல்ல உடம்பு, ப்ராப் இடத்தில் (முன்வரிசையில் நின்று முட்டித் தள்ளும் இடம்) ஆடுகிறான்.

போன மாதம் டப்ளினில் உள்ள ஒரு கட்டணப் பள்ளியிலிருந்து பேசினார்கள். பெயர் வேண்டாம். ஃபீஸில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்கிறார்களாம், ஹாஸ்டலில் இடமும் தருகிறார்களாம். "லின்ஸ்டர் அணிக்குப் போக வேண்டுமென்றால் எங்கள் பள்ளிதான் நேர்வழி" என்கிறார்கள். (லின்ஸ்டர் எங்கள் மாகாணத்தின் தொழில்முறை அணி.) மீதிப் பணமே எங்களுக்குப் பெரிய தொகை.

என் மனதை அறுப்பது இன்னொன்று. இரண்டு வாரம் முன்பு அவன் பகுதி அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்குப் போனான். நாற்பது நிமிடம் ஆடவிட்டுப் பார்த்தார்கள். பட்டியலில் பெயர் இல்லை. ஏன் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. காரில் வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை அவன்.

பெரிய பள்ளிக்குப் போகாத பையனுக்கு இங்கே உண்மையிலேயே வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முதல்வரிசை

அக்கா, வணக்கம். மிட்லண்ட்ஸ் பகுதியில் ஒரு கிளப்பில் 14 வயதுக்குட்பட்டோருக்குப் பயிற்சி கொடுக்கிறேன். சம்பளம் கிடையாது, ஒன்பது வருடமாகச் செய்கிறேன். வழி இருக்கிறது. குறுகலான வழி, ஆனால் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லின்ஸ்டர் மாகாணத்தில் கிளப் பையன்களுக்காக ஐந்து பகுதிகள் வைத்திருக்கிறார்கள்: மெட்ரோ, மிட்லண்ட்ஸ், நார்த் மிட்லண்ட்ஸ், நார்த் ஈஸ்ட், சவுத் ஈஸ்ட். 16 வயதுக்குட்பட்டோர் இந்தப் பகுதி அணிகளுக்காக ஷேன் ஹார்கன் கோப்பையில் மோதுவார்கள். லின்ஸ்டர் ஆட்கள் வந்து உட்கார்ந்து பார்க்கும் போட்டி அது. அதிலிருந்து 18 வயதுக்குட்பட்டோர் மாகாணக் கிளப் அணி. இதே வயதில் பள்ளிகளுக்குத் தனி மாகாண அணி இருக்கும். மற்ற மாகாணங்களோடு இரண்டும் தனித்தனியாக ஆடும். 19 வயதில்தான் இரண்டு ஓடையும் ஒன்றாகக் கலக்கும். அதற்கப்புறம் சப் அகாடமி (அகாடமிக்கு முந்தைய படி), பிறகு லின்ஸ்டரின் பயிற்சி மையமான அகாடமி. அகாடமியில் ஒரு நேரத்தில் இருபது பேர் அளவில்தான் இருப்பார்கள், வழக்கமாக மூன்று வருடம். வாரக் கடைசியில் அகில அயர்லாந்து லீக் கிளப்புகளுக்குப் போய் ஆடுவார்கள். அப்புறம்தான் ஒப்பந்தம்.

நீங்கள் இருக்கும் பக்கத்திலிருந்தே இரண்டு பேரைச் சொல்கிறேன். ஷான் ஓ'பிரையன், கார்லோவில் டல்லோ ஊர், விவசாயக் குடும்பம், டல்லோ கிளப். 2011இல் ஐரோப்பாவின் சிறந்த வீரர் விருது. இரண்டு முறை லயன்ஸ் (இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து சேர்ந்த கூட்டு அணி) சுற்றுப்பயணம், 2013, 2017. அடுத்தவர் தைக் ஃபர்லாங். வெக்ஸ்ஃபோர்டில் கேம்பைல் என்ற சிற்றூர், நியூ ராஸ் கிளப். உங்கள் மகன் ஆடும் அதே ப்ராப் இடம். 2017இல் நியூசிலாந்துக்கு எதிரான மூன்று லயன்ஸ் டெஸ்டிலும் முதலிலிருந்து இறங்கினார். இரண்டு பேருமே டப்ளின் ரக்பிப் பள்ளியில் வளர்ந்தவர்கள் இல்லை.

தண்டவாளம்

முதல்வரிசை சொன்னது எல்லாம் சரி. ஆனால் அந்த இரண்டு பெயரைத்தான் பல வருடமாக எல்லோரும் சொல்கிறார்கள் என்பதையும் அக்கா யோசிக்க வேண்டும்.

என் பெரியவன் டப்ளினில் ஒரு ரக்பிப் பள்ளியில் படித்தான். அங்கே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்த்தவன் நான். வாரத்தில் நான்கு நாள் பயிற்சி. உடற்பயிற்சிக்குத் தனி ஆள். காயம் பட்டால் அன்றே பிசியோ. ஆட்டத்தைப் படம் பிடித்துப் பையன்களை உட்கார வைத்துக் காட்டுவார்கள். ஊர் கிளப்பில் செவ்வாய், வியாழன் ஒரு மணி நேரம், அதுவும் மழையில் ஒரே விளக்கின் கீழே. 18 வயதில் இந்த இரண்டு பையன்களையும் பக்கத்தில் நிறுத்தினால் யார் தயாராகத் தெரிவான்?

லின்ஸ்டர் பள்ளிகளின் சீனியர் கோப்பையை பிளாக்ராக் கல்லூரி என்ற டப்ளின் பள்ளி எழுபது தடவை அளவில் வென்றிருக்கிறது. செயின்ட் மைக்கேல்ஸ், கிளாங்கோஸ், பெல்வெடியர், டெரன்யூர் என்று இன்னும் சில பெயர்கள். லின்ஸ்டர் அணிப் பட்டியலை எடுத்து யார் எங்கே படித்தார்கள் என்று பாருங்கள், திரும்பத் திரும்ப இதே பெயர்கள்தான் வரும். லின்ஸ்டருக்கு ஐரோப்பியக் கோப்பை நான்கு முறை வந்தது (2009, 2011, 2012, 2018) இந்தப் பள்ளிகளின் உழைப்பில்தான். பெற்றோர் கட்டும் ஃபீஸ்தான் மாகாணத்தின் இளையோர் பயிற்சிச் செலவில் ஒரு பெரிய பங்கைச் சுமக்கிறது என்றுகூடச் சொல்வேன். நியாயமா என்று கேட்டால் இல்லை. ஆனால் உங்கள் கேள்வி உங்கள் மகனைப் பற்றியது. இடம் கிடைத்தால் அனுப்புங்கள்.

பாரோக்கரை

பதில்களுக்கு ரொம்ப நன்றி. தண்டவாளம் அண்ணா, நீங்கள் சொல்லும் அந்தப் பிசியோ விஷயம்தான் என்னையும் இழுக்கிறது. போன குளிர்காலம் அவனுக்குத் தோளில் அடி. சரியான ஆளிடம் காட்ட ஆறு வாரம் ஆனது.

ஆனால் ஹாஸ்டலில் விட்டால் அவன் தமிழ் போய்விடும், எங்கள் சாப்பாடு போய்விடும், தங்கைக்கு அண்ணன் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி ஆகிவிடுவான். இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

அட்லாண்டிக்மழை

மேயோவிலிருந்து எழுதுகிறேன். பள்ளி, கிளப் என்று மட்டும் பார்க்கக் கூடாது, மாகாணத்தையும் பாருங்கள்.

இப்போதைய அயர்லாந்து கேப்டன் கேலன் டோரிஸ் எங்கள் மாவட்டப் பையன். லேக்கன் ஊர், பாலினா கிளப்பில் தொடங்கியவர். பள்ளிப் படிப்புக்கு பிளாக்ராக் ஹாஸ்டலுக்குப் போனார். அன்றோடு அவர் லின்ஸ்டர் ஆள் ஆகிவிட்டார், எங்கள் மாகாணமான கோனாக்ட் அவரை இழந்துவிட்டது. ராபி ஹென்ஷா அத்லோன்காரர். பள்ளி, கிளப் எல்லாம் கோனாக்ட்தான். 2016இல் நாங்கள் லீக் இறுதியில் லின்ஸ்டரையே 20-10 என்று எடின்பரோவில் தோற்கடித்தோம். அந்த அணியில் இருந்தார். அதே வருடம் லின்ஸ்டருக்குப் போய்விட்டார்.

போனவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் குடும்பம், அவர்கள் வாழ்க்கை. ஆனால் 2003இல் கோனாக்ட் அணியையே மூடிவிடலாம் என்று ரக்பி யூனியன் (நாட்டின் ரக்பி நிர்வாக அமைப்பு) யோசித்தபோது ஆதரவாளர்கள் டப்ளின் தெருவில் ஊர்வலம் போய்த்தான் அதைக் காப்பாற்றினார்கள். காப்பாற்றிய அணிக்கு விதை நெல் மிஞ்ச வேண்டாமா? 13 வயதிலேயே நல்ல நாற்றைப் பிடுங்கிக்கொண்டு போய் அடுத்த வயலில் நட்டால் இந்த வயல் எப்படி விளையும்?

முதல்வரிசை

மழை சொல்வது எனக்கும் வலிக்கிறது. ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. அயர்லாந்தில் நான்கு மாகாணமும் யூனியனின் கைக்குள் இருப்பவை, தனி முதலாளி கிடையாது. அதனால் லின்ஸ்டரில் இடம் கிடைக்காதவனை வேறு மாகாணத்துக்கு அனுப்ப முடிகிறது. ஜோயி கார்பெரி 2018இல் மன்ஸ்டருக்குப் போனார். ஜோர்டி மர்ஃபி அதே வருடம் அல்ஸ்டருக்கு. லின்ஸ்டர் பள்ளிகள் விளைவிப்பதில் ஒரு பங்கு மற்ற மூன்று வயலுக்கும் பாய்கிறது.

அப்புறம் தைக் பெர்ன். பெரிய பள்ளியில்தான் படித்தார், கிளாங்கோஸ். லின்ஸ்டர் அகாடமியிலும் இருந்தார். 2016இல் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். வேல்ஸில் ஸ்கார்லெட்ஸ் எடுத்துக்கொண்டது. அடுத்த வருடமே அவர்களோடு லீக் கோப்பை. 2018இல் அயர்லாந்து அணி, மன்ஸ்டர் ஒப்பந்தம், பிறகு லயன்ஸ். நேர்வழியில் போனவனையும் தவறாகக் கணித்திருக்கிறார்கள். உங்கள் மகனை நாற்பது நிமிடத்தில் கணித்தவர்கள் தெய்வம் இல்லை.

புதுவையான்

பிரான்ஸிலிருந்து. துலூஸ் பக்கத்தில் பதினைந்து வருடமாக இருக்கிறேன். இங்கே கதையே வேறு மாதிரி, அதனால் உதவுமா என்று தெரியவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

இங்கே பள்ளிக்கும் ரக்பிக்கும் பெரிய தொடர்பு கிடையாது. எல்லாமே கிளப். ஆறு வயதுப் பிள்ளையை ஊர் கிளப்பின் ரக்பிப் பள்ளியில் சேர்ப்போம், புதன்கிழமை மதியம் பயிற்சி. அந்தோன் துய்ப்போன் வந்தது கஸ்தெல்னோ மன்யோவாக் என்ற சின்னக் கிராமத்திலிருந்து. அங்கிருந்து ஓஷ், அப்புறம் காஸ்திரஸ், 2017இல் துலூஸ். படிப்படியாக, ஒவ்வொரு படியும் முந்தையதைவிடக் கொஞ்சம் பெரிய கிளப். அவரை வளர்த்த ஓஷ் கிளப் அதே 2017இல் பணமில்லாமல் திவாலானது. நினைத்தால் இன்னும் மனது கனக்கிறது. உலகின் சிறந்த வீரரை வளர்த்த ஊரில் ஒரு புதுக் கிளப்பை அடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

ஒரு காலத்தில் இங்கே முதலாளிகள் வெளிநாட்டு நட்சத்திரங்களாக வாங்கிக் குவித்தார்கள். உள்ளூர்ப் பையன் பெஞ்சில்கூட உட்கார முடியாத நிலை. அதனால் 2010 வாக்கில் 'ஜிஃப்' என்ற விதி வந்தது. கிளப்பின் பயிற்சி மையத்தில் மூன்று பருவம் இருந்தவர்கள், அல்லது சின்ன வயதிலேயே ஐந்து பருவம் பிரெஞ்சுக் கூட்டமைப்பில் பதிவு வைத்திருந்தவர்கள், இவர்களே ஜிஃப். இப்போது 23 பேர் பட்டியலில் பருவ சராசரியாக 16 ஜிஃப் வேண்டும். விளைவு கண்முன் தெரிகிறது. 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை 2018, 2019, 2023 மூன்று முறை பிரான்ஸுக்கு வந்தது.

கண்டிக்குளிர்

புதுவையான் அண்ணா, அந்த விதியில ஒரு ஓட்டை இருக்கெண்டு கேள்விப்பட்டன், உண்மையா?

புதுவையான்

ஆமாம் தம்பி. விதி பார்ப்பது கடவுச்சீட்டை அல்ல, எங்கே பயிற்சி பெற்றான் என்பதை மட்டும். எனவே பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஃபிஜியிலிருந்து ஒரு பையனைக் கொண்டுவந்து மையத்தில் மூன்று வருடம் வைத்தால் அவனும் ஜிஃப். க்ளேர்மோன் கிளப் ஃபிஜியின் நாட்ரோங்கா பகுதியிலேயே ஓர் அகாடமி நடத்தியது. நோவா நாகைதாசி, அலிவெரெதி ராகா இருவரும் அந்த வழியில் வந்து கடைசியில் பிரான்ஸுக்கே ஆடினார்கள்.

அந்தப் பையன்களுக்குக் கிடைத்த வாழ்க்கையைக் குறைத்துப் பேச மாட்டேன். வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள், ஊரில் வீடு கட்டுகிறார்கள், நாம் செய்யாததா? ஆனால் ஒப்பந்தம் கிடைக்காமல் மூன்றாவது வருடம் முடிவில் நிற்பவனை யார் கவனிக்கிறார்கள்? பிரெஞ்சும் அரைகுறை, படிப்பும் அரைகுறை. அக்கா, உங்கள் மகன் கார்லோவிலிருந்து டப்ளின் போகிறான், ஒன்றரை மணி நேரப் பயணம். தூரம் வேறு, கேள்வி ஒன்றுதான்: எடுக்காவிட்டால் இவனுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று அந்தப் பள்ளியிடம் கேளுங்கள்.

செவர்ன்காற்று

குளோஸ்டரிலிருந்து ஒரு சிறு சேர்க்கை. இங்கிலாந்தில் ஒவ்வொரு பெரிய கிளப் அகாடமிக்கும் இன்ன இன்ன கவுன்டி என்று எல்லை பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த எல்லைக்குள் இருக்கும் பள்ளி, கிளப் பையன்களைத் தேடுவது அந்த அகாடமியின் வேலை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2022 செப்டம்பர், அக்டோபரில் வூஸ்டர், வாஸ்ப்ஸ் என்ற இரண்டு பெரிய கிளப்புகளும் சில வார இடைவெளியில் விழுந்தன, அடுத்த ஜூனில் லண்டன் ஐரிஷும் போனது. அகாடமியை நடத்துபவனே திவாலானால் அந்த எல்லைக்குள் இருக்கும் 15 வயதுப் பையன் என்ன செய்வான்? எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் வூஸ்டர் இளையோர் அணியில் இருந்தவன். அந்த இலையுதிர்காலம் முழுக்க அவன் அம்மா ஃபோனும் கையுமாக இருந்தார்.

இன்னொன்று, எல்லை தாண்டி இழுப்பது இங்கும் உண்டு. லூயிஸ் ரீஸ் ஸாமிட் கார்டிஃப் பக்கத்துப் பையன். எங்கள் பகுதியில் உள்ள ஹார்ட்புரி கல்லூரிக்குப் படிக்க வந்து குளோஸ்டர் வீரரானார். நாட்டுக்கு ஆடும்போது வேல்ஸ்தான். ஆனால் வேல்ஸின் நான்கு பிராந்திய அணிகளில் எதுவும் அவரை வைத்திருக்க முடியவில்லை.

கண்டிக்குளிர்

இலங்கையில எங்கட நிலைமையையும் சொல்லுறன். பாடசாலை றகர்தான் (ரக்பியத்தான் அப்பிடிச் சொல்லுறம்) இங்க எல்லாம். கொழும்பு ரோயலும் கண்டி ட்ரினிட்டியும் 1945 முதல் பிரட்பி கேடயத்துக்காக மோதுகினம், ரெண்டு ஆட்டம், ஒண்டு கொழும்பில, ஒண்டு கண்டியில. மைதானம் நிரம்பி வழியும். கண்டி விளையாட்டுக் கழகத்துக்கு வீரர் வாறது பெரும்பாலும் ட்ரினிட்டி, கிங்ஸ்வுட் மாதிரிப் பாடசாலைகளில இருந்துதான். நாட்டுக்கே தலைவரா இருந்த ஃபாசில் மரிஜா கிங்ஸ்வுட் பெடியன்.

ஆனா கழகங்கள் தாங்களா இளையோரை வளர்க்கிறது குறைவு. பாடசாலை வளர்த்து விடும், கழகம் பொறுக்கி எடுக்கும். பொறுக்காம விட்டவன் 19 வயசில சப்பாத்தைக் கழட்டி வைச்சிடுவான். என்னோட வகுப்பில பாடசாலையின்ர முதல் பதினைஞ்சு பேர் அணியில ஆடின ஆக்களில இப்பவும் ஆடுறது ரெண்டு பேர். அயர்லாந்தில சின்ன ஊர்களிலயும் வயது வந்தவைக்கு கழக அணி இருக்கெண்டு நினைக்கேக்க எனக்கு உண்மையில பொறாமையா இருக்கு. அது இருக்கிற வரைக்கும் அக்காவின்ர மகன் விளையாட்டை விடத் தேவையில்லை.

கோரிமகள்

பெண் பிள்ளை வைத்திருக்கும் யாராவது படிக்கலாம் என்பதற்காக: பெண்கள் ரக்பியில் இந்தப் பள்ளிச் சண்டையே பெரிதாகக் கிடையாது, ஏனென்றால் பெரும்பாலான பெண்கள் கிளப் வழியாகத்தான் வருகிறார்கள். எங்கள் வெக்ஸ்ஃபோர்ட் பெண் ஈஃபா வேஃபர் 2025 பெண்கள் சிக்ஸ் நேஷன்ஸின் (ஆறு ஐரோப்பிய நாடுகளின் போட்டி) சிறந்த வீராங்கனை. என் மகள் அவரைப் பார்த்துத்தான் பந்தைத் தூக்கினாள். பாரோக்கரை, உங்கள் மகனின் தங்கையையும் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

தண்டவாளம்

எல்லாவற்றையும் படித்தேன். புதுவையான் சொன்ன கேள்வி சரியான கேள்வி. அந்தப் பள்ளியிடம் எழுத்தில் வாங்குங்கள்: காயம் பட்டு ஒரு வருடம் ஆட முடியாமல் போனாலும் கட்டணச் சலுகை தொடருமா? என் பையனின் வகுப்பில் ஒருவனுக்கு முழங்கால் தசைநார் அறுந்தது. சலுகை நின்றதாக யாரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை, ஆனால் அடுத்த செப்டம்பரில் அவன் வரவில்லை. அனுப்புங்கள் என்று சொன்ன நானே இதையும் சொல்ல வேண்டும்.

முதல்வரிசை

அக்கா, கடைசியாக ப்ராப் இடத்தைப் பற்றி. அதுதான் உங்கள் விஷயத்தில் முக்கியம் என்று நினைக்கிறேன்.

பின்வரிசையில் ஓடும் பையன் 16 வயதிலேயே யாரென்று தெரிந்துவிடும். ப்ராப் அப்படி இல்லை. 19 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஸ்க்ரம்மை (இரண்டு அணி முன்னணிக்காரர்களும் பிணைந்து நின்று தள்ளும் முட்டல்) ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளவே கூடாது. முழுத் தள்ளல் என்றால் என்னவென்று அவன் உடம்புக்குத் தெரியவருவதே பெரியவர்கள் ஆட்டத்தில்தான். மன்ஸ்டரின் ஜான் ஹேய்ஸ் விவசாயக் குடும்பம். ரக்பிக்கே தாமதமாக வந்தவர். ப்ரஃப் என்ற கிராமத்து கிளப்பில் தொடங்கி அயர்லாந்துக்கு நூறு டெஸ்டுக்கு மேல் ஆடினார். 14 வயதில் ஒரு ப்ராப்பை எடுப்பதும் விடுவதும் பெரும்பாலும் அவன் அன்றைக்கு எவ்வளவு எடை என்பதைப் பார்த்துத்தான். சீக்கிரம் வளர்ந்த பையன் 14இல் எல்லோரையும் இடித்துத் தள்ளுவான், 17இல் மற்றவர்கள் எட்டிப் பிடித்ததும் கையில் நுட்பம் இல்லாமல் நிற்பான். நான் பயிற்சி கொடுத்ததிலேயே மூன்று பேரை அப்படிப் பார்த்தேன்.

அதனால் நான் கேட்பது இதுதான். 16, 17, 18இல் இவனைத் தொடர்ந்து யார் பார்க்கப்போகிறார்கள்? உங்கள் கிளப்பில் ஸ்க்ரம் தெரிந்த ஒரு பழைய முன்வரிசைக்காரர் இருக்கிறாரா? இருந்தால் அவர் ஒருவரே பெரிய சொத்து. இல்லாவிட்டால் தண்டவாளம் சொல்வதைத் தீவிரமாக யோசியுங்கள்.

பாரோக்கரை

இருக்கிறார். அறுபது வயதுக்கு மேல் ஆகிறது, பால் பண்ணை வைத்திருக்கிறார், காது இரண்டும் பழைய ஸ்க்ரம்களில் நசுங்கிப்போனவை. வியாழக்கிழமை பயிற்சி முடிந்ததும் இவனையும் இன்னும் இரண்டு பையன்களையும் நிறுத்திவைத்துக் கால் எங்கே ஊன்றுவது, தலையை எங்கே வைப்பது என்று சொல்லிக்கொடுப்பார். இதுவரை அதை ஒரு பெரிய விஷயமாக நான் நினைத்ததே இல்லை.

நேற்று அந்தப் பள்ளிக்கு ஃபோன் செய்தேன். காயம் பற்றிய கேள்வியைக் கேட்டேன். "ஒவ்வொரு வருடமும் பரிசீலிப்போம்" என்றார்கள். எழுத்தில் தருவீர்களா என்றதற்கு நேரடியாகப் பதில் வரவில்லை. இரவு சாப்பிட உட்கார்ந்தபோது மகனிடம் எல்லாவற்றையும் அப்படியே சொன்னோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஜூனியர் சர்ட் தேர்வும் (மூன்றாம் ஆண்டு அரசுத் தேர்வு) அதற்கடுத்த டிரான்சிஷன் இயரும் முடியும்வரை இங்கேயே இருக்கிறேன், பகுதித் தேர்வுக்கு மறுபடி போகிறேன் என்றான். அப்புறம் அவனாகவே, "அந்தத் தேர்வில் ஏன் எடுக்கவில்லை என்று நானே கேட்டு மெயில் போடவா?" என்றான். போடு என்றோம்.

முதல்வரிசை

போடட்டும், நல்ல பழக்கம். பதில் வந்தால் இங்கே சொல்லுங்கள். அவன் ஸ்க்ரம்மில் இறங்கும் வீடியோ ஏதாவது இருந்தால் தனிச் செய்தியில் அனுப்புங்கள், பக்கவாட்டிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். முதுகு நேராக இருக்கிறதா, இடுப்பு தோளைவிட உயரமாகப் போகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். அந்தத் தோளுக்கு இப்போது என்ன பயிற்சி செய்கிறான் என்பதையும் எழுதுங்கள்.